மரத்துண்டு யானையும் ஒரு வங்கிக்காரனின் கணக்குப் பிழையும்

தசரா வந்தால் மைசூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வீடெல்லாம் லாட்ஜ் ஆகிவிடும். எங்கள் வீடும் விதிவிலக்கில்லை. மதுரையிலிருந்து மாமா, திருச்சியிலிருந்து சித்தி, சித்தியின் நாத்தனார், அவர் பிள்ளைகள் என்று ஒரு படையே இறங்கும். வருகிறவர்கள் எல்லோரும் ஹாலில் மாட்டியிருக்கும் யானைப் படத்துக்கு முன்னால் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இது பெயிண்டா, ஸ்டிக்கரா?"

இரண்டும் இல்லைங்க, மரம். கறுத்த அடிப்பலகை ஈட்டி, அதாவது ரோஸ்வுட். மஞ்சள் அம்பாரி பலா. யானையின் உடம்பு, பாகனின் தலைப்பாகை, பின்னால் தெரியும் மரங்கள் எல்லாமே வெவ்வேறு மரத்தின் சொந்த நிறம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை வெட்டி இல்லாமல் எண்ணிப் பார்த்தேன். யானையும் அம்பாரியும் மட்டுமே 63 துண்டு!

செய்யும் விதம் சொல்வதற்குச் சுலபம். படத்தைக் காகிதத்தில் வரைந்து, பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தந்த நிற மரத்தின் மேல் ஒட்டுவார்கள். நூல் போல மெல்லிய அலகுள்ள ரம்பத்தால் கோட்டின் மேலேயே வெட்டுவார்கள். ஈட்டிப் பலகையில் அதே வடிவத்துக்குக் குழி எடுத்து, துண்டைப் பசை போட்டுப் பதித்து, மேற்பரப்பை இழைத்துச் சமன் செய்து பாலிஷ் போடுவார்கள். ரம்பம் ஒரு மயிரிழை விலகினாலும் இடைவெளி கண்ணை உறுத்தும். கண்ணை மூடிக்கொண்டு படத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயும் தடுக்கவில்லை என்றால் நல்ல வேலை.

இந்த வேலைக்கு மைசூரில் அரண்மனையே சாட்சி. 1897-ல் ஒரு அரச குடும்பக் கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்து போனது. இப்போது நாம் பார்ப்பது 1912-ல் முடிந்த புதிய அரண்மனை. செலவு சுமார் 41 லட்சத்து 48 ஆயிரம் ரூபாய். கட்டிடக் கலைஞர் ஹென்றி இர்வின். நம் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த அதே ஆள்தான். அரண்மனைக்குள் அம்பா விலாச மண்டபத்துக்குப் போகிற வழியில், ஈட்டி மரத்தில் தந்தம் பதித்த கதவு ஒன்று இருக்கிறது. அடுத்த முறை போனால் கூட்டத்தோடு நகர்ந்துவிடாமல் அங்கே இரண்டு நிமிஷம் நில்லுங்கள்.

அந்தக் காலத்தில் வெள்ளை நிறம் வேண்டுமென்றால் தந்தம்தான். அதுவும் போனது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-ல் யானை அதன் முதல் அட்டவணைக்குப் போனது. 1986-ல் இந்தியத் தந்த வியாபாரத்துக்குத் தடை. ஆப்பிரிக்கத் தந்தம் ஒரு வழியாக இருந்தது, 1991-ல் அதையும் அடைத்தார்கள். அடைத்தது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தத் தொழில் ஏன் அதோடு சாகவில்லை? தந்தம் இருந்த குழியில் வெளிர் நிற மரத்தை வைத்தார்கள், பிளாஸ்டிக்கையும் வைத்தார்கள். எங்கள் வீட்டு யானைக்குக்கூடத் தந்தம் தந்தத்தில் இல்லை, வெளிறிய ஒரு மரத்துண்டுதான். பதிக்கும் பொருள் மாறியது, பதிக்கும் கை மாறவில்லை.

அப்புறம் மரத்துக்கே சோதனை வந்தது. 2005-06 நிதியாண்டில் மைசூர் ரோஸ்வுட் இன்லே வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2017 ஜனவரியில் ஈட்டி மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறி, ஏற்றுமதிக்கு ஏகப்பட்ட காகிதம் தேவைப்பட்டது. 2019-ல்தான் 10 கிலோவுக்கு உட்பட்ட சரக்குக்குத் தளர்வு வந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில், 2018-ல், நான் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தேன். (பிறகு எனக்கு இரண்டு ஊர் மாறிவிட்டது. பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் இங்கேயே.) தசராவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது மண்டி மொஹல்லாவிலிருந்து ஒரு பெரியவர் இரண்டு லட்சம் கடன் கேட்டு வந்தார். மோட்டாரில் ஓடும் ஸ்க்ரோல் சா மெஷின் ஒன்று, மீதி மரம் வாங்க. கையிருப்பாக 30 படங்கள், ஒன்று 8,500 ரூபாய் என்று எழுதியிருந்தார்.

நான் பி.காம். காரன். சரக்கு மதிப்பு என்றால் அடக்க விலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அது. பில்களைக் கேட்டேன். மரம், பசை, பாலிஷ் எல்லாம் சேர்த்து ஒரு படத்துக்கு 1,400 ரூபாய்தான் வந்தது. 30 படத்துக்கு 42,000. மெஷினுக்கு மட்டும் 40,000 கொடுத்துவிட்டு மீதியை மறுத்தேன். பெரியவர் கோபப்படவில்லை. கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார்: "மரத்தை எடை போட்டு விலை சொல்லிட்டீங்க சார். வெட்டினதை எதுல எடை போடுவீங்க?"

அப்போது எனக்கு அது வெறும் வசனமாகத்தான் பட்டது. பிறகு ஒரு நாள் ராத்திரி இந்தக் கலையைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

கல்லூரியில் முதல் வருஷம் லூக்கா பாச்சோலி என்று ஒரு பெயர் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரட்டைப் பதிவு முறையை 1494-ல் அச்சில் ஏற்றிய இத்தாலியத் துறவி. அந்தப் புத்தகத்தை அவர் சமர்ப்பித்தது ஊர்பினோ நகரத்துப் பிரபு குயிதோபால்தோவுக்கு. அந்தப் பிரபுவின் அப்பா ஃபெதெரிகோ, குப்பியோ அரண்மனையில் தனக்கு ஒரு படிப்பறை செய்யச் சொன்னார். 1478-க்கும் 1482-க்கும் இடையில் செய்தது. சுவர் முழுக்கப் பாதி திறந்த அலமாரிகள், உள்ளே புத்தகங்கள், இசைக் கருவிகள். கிட்டே போனால் அலமாரியே இல்லை, எல்லாம் தட்டையான மரத்துண்டுகள்! வால்நட், ஓக், பழமரங்கள் என்று பல மரங்கள் சேர்த்த படம். அந்த அறை இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கணக்குப் பாடமும் இந்த வெட்டு வேலையும் ஒரே வீட்டு ஆதரவில் வளர்ந்தவை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று. பதினான்காம் லூயி மன்னருக்கு வேலை செய்த பூல் என்ற பிரெஞ்சு தச்சர், பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டுத் தகட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சேர்த்தே வெட்டினார். ஒரே வெட்டில் ஆமை ஓட்டுக்குள் பித்தளைப் பூ, பித்தளைக்குள் ஆமை ஓட்டுப் பூ. இரண்டு படம்! டெபிட், கிரெடிட் மாதிரியே இல்லை?

நான் பார்த்த கணக்கில் ஒரு பக்கம் விட்டுப் போயிருந்தது. பெரியவரும் மகனும் ஒரு படத்துக்கு ஆறு நாள் உட்காருகிறார்கள். பன்னிரண்டு ஆள்-நாள். ஒரு நாளைக்கு 500 ரூபாய் போட்டாலும் 6,000. மரத்தோடு சேர்த்து அடக்கம் 7,400. 30 படத்துக்கு 2,22,000. சொந்தக் கைக்கு யாரும் கூலி வவுச்சர் எழுதுவதில்லை. வவுச்சர் இல்லாததை நான் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டேன். விதி சரி, விதியைப் போட்ட நான்தான் தப்பு.

தசரா முடிந்ததும் அவர் பட்டறைக்குப் போனேன். படங்கள் இல்லை. மரம் வாங்கப் பணமில்லாமல் முப்பதையும் தசராவுக்கு முன்பே ஒரு வியாபாரியிடம் தலா 4,000-க்குக் கொடுத்துவிட்டாராம். என் ஒரு கையெழுத்தால் அவருக்குப் போனது 1,35,000 ரூபாய். அது எங்கள் லெட்ஜர் எதிலும் இல்லை.

அடுத்த வருஷம் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இரண்டு லட்சமும் கொடுத்தோம். ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தார். இந்த யானையை அவரிடம்தான் வாங்கினேன், பேரம் பேசாமல் 8,500-க்கு. பழைய கணக்கு அதில் நேராகிவிடாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

போன தசராவுக்கு வந்த மாமாவும் பெயிண்டா என்றுதான் கேட்டார். நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதில் மரம் எவ்வளவுக்குப்பா இருக்கும்?" என்றார்.

"ஆயிரத்து நானூறு மாமா" என்றேன். "மீதி ஆறு நாள், இரண்டு பேர்."