2011: கறுத்தக் குருவிகள் செத்த கோடை

அந்த வருடம் எனக்குப் பதின்மூன்று வயது. மன்ஹைமுக்குப் பக்கத்தில் அப்பா ஒரு கிளைன்கார்டன் வாடகைக்கு எடுத்திருந்தார். உங்களில் பலர் வீட்டிலும் இது இருக்கும்: நகரத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம், ஒரு சின்னக் கொட்டில், வேலியின் உயரத்துக்குக்கூட ஒரு சட்டம். அடுத்தவர்கள் ரோஜாவும் ஸ்ட்ரோபெரியும் நட்டார்கள். அப்பா பயற்றங்காய், பூசணி, வெந்தயக்கீரை, பச்சைமிளகாய் நட்டார்.

ஓகஸ்ட் மாதம் ஒருநாள் பூசணிக்கொடிக்குக் கீழே ஒரு அம்சல் செத்துக் கிடந்தது. மஞ்சள் சொண்டும் கறுத்த உடம்புமாய் மழை பெய்த பிறகு புல்லில் மண்புழு இழுக்குமே, அதுதான் அம்சல். அம்மம்மா அதற்கு வைத்த பெயர் 'கறுத்தக் குருவி'. பூனை பிடித்திருக்கும் என்றார் அம்மா. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அந்தக் கிழமை முடிவதற்குள் மூன்றாவது. மூன்றாவதை நான் உயிரோடு பார்த்தேன். மழைத்தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு இருந்தது. கிட்டப் போனேன், பறக்கவில்லை. தலையில் சில இடங்களில் இறகு இல்லை. பின்னேரம் போய்ப் பார்க்கும்போது செத்திருந்தது.

அடுத்த தோட்டத்துப் பெரியவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அப்பாவிடம் அல்ல, என்னிடம் கேட்டார்: உன் அப்பா இங்கே என்ன மருந்து அடிக்கிறார்? அப்பா பயற்றங்காய்க்கு அடித்தது சவர்க்காரத் தண்ணீரும் வேப்பெண்ணெயும். ஆனால் அதை நான்தான் ஜேர்மனில் சொல்லவேண்டும். அதற்கு முதல், கேள்வியை அப்பாவுக்குத் தமிழில் சொல்லவேண்டும். பள்ளிக்கூடக் கடிதம், வைத்தியர், பதிவு அலுவலகம் எல்லாவற்றுக்கும் மொழிபெயர்த்த பிள்ளைதான் நான். சொந்த அப்பாவின் மேல் வைக்கப்பட்ட ஒரு குற்றச்சாட்டை மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை. 'நான் என்னத்தை அடிச்சனான் எண்டு கேக்கிறாரோ?' என்று அப்பா திருப்பிக் கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில், 'உவர்தான் எலிப்பாசாணம் வைச்சிருப்பார்' என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு பேரும் பிழை. ஆனால் இரண்டு பேரும் முட்டாள்கள் இல்லை. செத்த பறவையைக் கண்டதும் நஞ்சை நினைப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1962இல் அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் எழுதிய 'மௌன வசந்தம்' என்ற புத்தகம், டிடிடி அடித்த ஊர்களில் பறவைகள் செத்துப்போனதை உலகத்துக்குச் சொன்னது. மேற்கு ஜேர்மனி 1972இல் டிடிடிக்கு எதிராகச் சட்டம் போட்டது. அந்தப் பெரியவர் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்.

நஞ்சை விட்டாலும் சந்தேகப்பட எவ்வளவோ இருந்தது. பூனை ஒன்று. கண்ணாடி இன்னொன்று: ஜேர்மனியில் ஆண்டுக்குப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்று மாநிலப் பறவைப் பாதுகாப்பு நிலையங்கள் மதிப்பிட்டிருக்கின்றன. நோயும் உண்டு. எங்கள் கோடைக்கு இரண்டு வருடம் முன்னர், 2009இல், கிரூன்ஃபிங்க் என்ற பச்சைநிறக் குருவிகள் தீனித்தட்டுகளைச் சுற்றிச் செத்து விழுந்தன. ட்ரைக்கோமோனஸ் என்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணிதான் காரணம். பறவைகளுக்கு அன்பாக வைத்த தண்ணீர்த் தட்டிலும் தீனித்தட்டிலும்தான் அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றியது.

ஆனால் அம்சல்களைக் கொன்றது இதில் எதுவும் இல்லை. அந்தக் கதை வேறு கண்டத்தில் தொடங்குகிறது.

1959இல் ஆபிரிக்காவின் தென்பகுதியில் ஒரு நுளம்பிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். சுவாசிலாந்து வழியாக ஓடும் ஊசுட்டு ஆற்றின் பெயரை அதற்கு வைத்தார்கள். நாட்டின் பெயர் இப்போது எஸ்வாட்டினி. டெங்கு, மேற்கு நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்களின் சொந்தக்கார வைரஸ் இது. பெரிய தீங்கு எதையும் செய்யாததால் நாற்பது வருடம் அதை யாரும் கவனிக்கவில்லை.

2001 கோடையில் ஒஸ்திரியாவில் அம்சல்கள் செத்தன. வியன்னாவின் ஷோன்புறுன் மிருகக்காட்சிச்சாலையில் பெரிய சாம்பல் ஆந்தைகளும் செத்தன. கால்நடை நோயியலாளர் ஹேர்பேர்ட் வைசன்போக்கும் அவருடைய குழுவும் தேடிப் பார்த்தபோது கிடைத்தது ஊசுட்டு. ஆபிரிக்காவுக்கு வெளியே அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பல வருடம் கழித்து, 1996இல் இத்தாலியின் டஸ்கனியில் செத்த அம்சல்களின் பாதுகாத்து வைத்த திசுக்களைத் திரும்பச் சோதித்தார்கள். அவற்றிலும் அதே வைரஸ். அதாவது, வியன்னாவில் 'முதல் தடவை' என்று எழுதியபோது அது ஐரோப்பாவுக்கு வந்து குறைந்தது ஐந்து வருடம். பழைய மாதிரியை ஒருவர் எறியாமல் வைத்திருந்ததால் ஒரு தொடக்க ஆண்டே மாறியது.

எப்படி வந்தது? ஆபிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பும் பறவைகளோடு, ஒரு தடவை அல்ல, பல தடவைகள் வந்திருக்கிறது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கே வந்த பிறகு அதைத் தூக்கிச் சுமந்தது இங்கத்தைய சாதாரண வீட்டு நுளம்பு, கியூலெக்ஸ் பிப்பியன்ஸ். கோடையில் யன்னலைத் திறந்துவிட்டுப் படுத்தால் காதில் பாடுமே, அதுதான்.

இனி எங்கள் பக்கம். றைன் ஆற்றுச் சமவெளியில் நுளம்பு பெரிய தொல்லை. அதனால் ஆற்றோர ஊர்கள் சேர்ந்து 1976இல் காப்ஸ் என்ற நுளம்பு ஒழிப்பு அமைப்பைத் தொடங்கின. அவர்கள் பொறி வைத்து நுளம்பு பிடிப்பார்கள். 2010 ஓகஸ்டில் வைன்ஹைமில் பிடிபட்ட நுளம்புகளில் ஊசுட்டு வைரஸ் இருந்தது. வைன்ஹைம் எங்கள் ஊரிலிருந்து கொஞ்சத் தூரம்தான். ஜேர்மனியில் அதற்கு முதல் அது காணப்பட்டதில்லை. அந்த வருடம் ஒரு பறவையும் கூட்டமாகச் சாகவில்லை. அடுத்த கோடையில்தான் மன்ஹைம், ஹைடல்பேர்க், லூட்விக்ஸ்ஹாஃபன் பக்கத்துத் தோட்டங்களில் அம்சல்கள் விழத் தொடங்கின.

செத்த பறவைகளை அனுப்புங்கள் என்று மக்களைக் கேட்டார்கள். காப்ஸின் நோர்பர்ட் பெக்கரும், ஹம்பேர்க்கின் பேர்ன்ஹார்ட் நொஹ்ட் வெப்பமண்டல மருத்துவ நிறுவனமும், பிரீட்ரிக் லோஃப்லர் நிறுவனமும் அந்த வேலையில் இருந்தார்கள்.

லோஃப்லர் நிறுவனம் பற்றி ஒரு இடைச்செருகல், ஏனென்றால் எனக்கு இது மிகப் பிடித்த கதை. 1898இல் லோஃப்லரும் பவுல் புறோஷும் மாடுகளின் கோமாரி நோய்க்குக் காரணம் மிக நுண்ணிய வடிகட்டியையும் தாண்டிப் போகும் ஏதோ ஒன்று என்று காட்டினார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ் ஒன்று முதலில் அறியப்பட்டது அப்படித்தான். ஆனால் ஆராய்ச்சிக்கு வைத்திருக்கும் மாடுகளிலிருந்து அக்கம்பக்கத்து மாடுகளுக்கு நோய் பரவினால் என்ன செய்வது? 1910இல் அவரை வடக்கே றீம்ஸ் என்ற சின்னத் தீவுக்கு அனுப்பினார்கள். உலகத்திலேயே பழைய வைரஸ் ஆய்வு நிலையம் இப்போதும் அந்தத் தீவில்தான் இருக்கிறது. 2006 பெப்ரவரியில் றூகன் தீவில் அன்னங்கள் செத்து ஒதுங்கியபோது, பறவைக்காய்ச்சல் என்று உறுதிப்படுத்தியதும் பக்கத்தில் இருந்த இதே நிலையம்தான்.

2011இல் அனுப்பப்பட்ட பறவைகளில் 86 பறவைகளுக்கு ஊசுட்டு இருந்தது. பெரும்பாலானவை அம்சல்கள். இந்த 86ஐப் படித்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம்: எங்கள் மூன்றும் இதில் இல்லை. அப்பா அவற்றைப் பூசணிக்குப் பக்கத்தில் குழிதோண்டிப் புதைத்துவிட்டார். எங்கே அனுப்புவது, யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று எங்களுக்குத் தெரியாது. ஜேர்மன் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அந்த எண்ணிக்கை செத்த பறவைகளின் எண்ணிக்கை அல்ல. பெட்டியில் போட்டு அனுப்பத் தெரிந்தவர்களின் தோட்டத்தில் செத்த பறவைகளின் எண்ணிக்கை. வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு இலக்கத்தைக் காணும்போது இதை நான் இன்னும் நினைப்பதுண்டு.

மொத்த இழப்பு எவ்வளவு? அதற்கு வேறு வழி இருந்தது. 2005இலிருந்து நாபு என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொரு மே மாதமும் மக்களை ஒரு மணி நேரம் தோட்டத்தில் இருந்து பறவைகளை எண்ணச் சொல்கிறது. அந்தக் கணக்குகளை வைத்து 2017இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. வைரஸ் பரவக்கூடிய பகுதிகளில் அம்சல்கள், மற்றப் பகுதிகளைவிட 15.7 வீதம் கூடுதலாகக் குறைந்திருந்தன. இனம் அழியவில்லை. நோயிலிருந்து தப்பிய பறவைகளுக்கு எதிர்ப்புசக்தி வரும், சில வருடம் சாவு குறையும், பிறகு எதிர்ப்புசக்தி இல்லாத புதுக் குஞ்சுகள் கூடும்போது திரும்ப வரும். 2018இன் கொடும் வெயிலில் அது வடக்கே ஹம்பேர்க், பிறேமன் வரை போனது. 2024இலும் வடமேற்கில் நிறைய அம்சல்கள் செத்தன.

ஒரு விசயம் எனக்கு அப்போதே குத்தியது. செய்திகளில் அதை 'ஆபிரிக்க வைரஸ்', 'அந்நிய வைரஸ்' என்றார்கள். வகுப்பில் ஒரு பொடியன், எல்லாம் வெளியிலிருந்துதான் வருகிறது என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நோய்களுக்கு இடங்களின் பெயரை வைக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல்தான் சொன்னது. ஆய்வாளர்களின் வம்சாவளி அட்டவணையில் எங்கள் பக்கத்து அம்சல்களைக் கொன்ற கிளைக்குப் பெயர் 'ஐரோப்பா 3'. அட, வைரஸுக்குக்கூட இங்கே பிறந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்று பின்னாளில் சிரித்தேன்.

அம்சலும் தோட்டத்துக்குப் புதியதுதான். பழைய காலத்தில் அது மனிதரைக் கண்டால் ஒளியும் காட்டுப் பறவை. 19ஆம் நூற்றாண்டில்தான் ஜேர்மன் நகரப் பூங்காக்களுக்குள் வந்து குடியேறியது. இன்று அது இல்லாத ஜேர்மன் தோட்டத்தை யாராலும் நினைக்க முடியாது.

செப்டெம்பரில் அந்தப் பெரியவர் ஒரு பத்திரிகைத் துண்டோடு வந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் பாவிக்கவில்லை. வாசி என்று என்னிடம் நீட்டினார். நான் வாசித்து அப்பாவுக்குச் சொன்னேன். 'நுளம்போ?' என்றார் அப்பா. உடனே அவருடைய கண் போன இடம் மழைத்தண்ணீர்ப் பீப்பாய். ஊரில் டெங்குவுக்குப் பயந்து சிரட்டையையும் பழைய டயரையும் கவிழ்த்து வைத்த மனிதர், இங்கே குளிர் நாடுதானே என்று மூடியில்லாமல் இரண்டு பீப்பாய் வைத்திருந்தார். எட்டிப் பார்த்தோம். தண்ணீருக்குள் நூல் நூலாக நெளிந்துகொண்டிருந்தன நுளம்புக் குடம்பிகள். பெரியவர் தன்னுடைய பீப்பாயைப் போய்ப் பார்த்தார். அங்கேயும் அதேதான். எந்தப் பீப்பாயின் நுளம்பு எந்த அம்சலைக் கடித்தது என்று எந்த ஆய்வுகூடத்தாலும் சொல்ல முடியாது. அடுத்த நாள் அவர் மெல்லிய வலைத்துணி வாங்கி வந்தார், இரண்டு தோட்டத்துக்கும் போதுமான அளவு.

2020 மார்ச்சில், பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடிய அதே கிழமைகளில், றைன்ஹெசன் பக்கத்தில் பிளவ்மைசெ என்ற நீலச் சிட்டுகள் சாகத் தொடங்கின. மூச்சுத் திணறி, கண் ஒட்டி, தீனித்தட்டுக்குப் பக்கத்தில் இருந்தன. அந்தமுறை காரணம் வைரஸ் இல்லை, சட்டொனெல்லா ஓர்னித்தோக்கோலா என்ற பக்டீரியா. மக்கள் ஆயிரக்கணக்கில் நாபுவுக்கு அறிவித்தார்கள். அதில் ஒரு அறிவிப்பு அப்பாவினுடையது. படிவத்தை அவரே நிரப்பினார். பறவையின் ஜேர்மன் பெயரை எழுத மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

உங்கள் தோட்டத்தில் செத்த பறவை கிடந்தால்: வெறும் கையால் தொடாதீர்கள், கையுறை போடுங்கள், அல்லது பொலித்தீன் பையைக் கைக்குள் விட்டு எடுங்கள். படம் எடுத்து, திகதியும் இடமும் குறித்து, நாபுவின் இணையப் படிவத்தில் அறிவியுங்கள். ஊசுட்டு சந்தேகம் என்றால் ஹம்பேர்க் நிறுவனத்துக்கு அனுப்பும் முறையையும் அங்கே சொல்வார்கள். அன்னம், தாரா, கொக்கு என்றால் தொடவே வேண்டாம், உங்கள் ஊர்க் கால்நடை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுங்கள். மனிதருக்கு ஊசுட்டு தொற்றுவது மிக அரிது. 2012இல் ஜேர்மனியில் இரத்ததானம் செய்த ஒருவரிடம் அதன் தடயம் கிடைத்தது, அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. அப்பா அம்மாவுக்கு ஜேர்மனில் சொல்ல முடியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். அவர்கள் கண்டது கணக்கில் வரட்டும்.

அப்பாவின் தோட்டத்தில் இப்போது ஒரு சோடி அம்சல் இருக்கிறது. மிளகாய்ப் பாத்தியைக் கிண்டிப் புழு பிடிக்கிறது, நாற்றுகள் சரிகின்றன. அப்பா தமிழில் அதைப் பேசுகிறார். பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்கிறார்.