சந்தையை விட்டு நீங்கிய விலை: அமெரிக்கக் கால்நடை வணிகமும் உழவர் முறையீடும் (1865–2020)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாடு வளர்ப்போர் இறைச்சி நிறுவனங்களுக்கு எதிராக எழுப்பிய நெடுங்கால முறையீடு, 1921ஆம் ஆண்டின் இறைச்சி நிறுவனங்கள் மற்றும் கால்நடைச் சந்தைகள் சட்டத்திற்கு வழிவகுத்தது. அச்சட்டம் விலை உருவாகும் இடத்தை ஒழுங்குபடுத்தியது; பின்னர் வணிகமே அவ்விடத்தை விட்டு நீங்கியது. பலர் அறியப் பேசப்பட்ட விலை ஒப்பந்த வாய்பாடாக மாறிய வரலாற்றையும், அது குறித்து உழவரிடையே தோன்றிய கருத்துப் பிளவையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: கால்நடைச் சந்தை, ஏலம், சிகாகோ, இறைச்சி நிறுவனங்கள், வாய்பாட்டு விலை, உழவர் சங்கங்கள்

முன்னுரை

அமெரிக்க இறைச்சித் தொழிலின் வரலாறு பெரும்பாலும் 1906ஆம் ஆண்டை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வருகின்றது. அப்டன் சின்க்ளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ புதினம் அவ்வாண்டில் நூலாக வெளிவந்தது; இறைச்சி ஆய்வுச் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. ஆயின் அச்சட்டம் இறைச்சியின் தூய்மையைப் பற்றியது. உண்போரின் அச்சத்திற்கு விடையளித்தது. மாட்டை விற்றவரின் குறை வேறு. தம் மாட்டுக்கு உரிய விலை எது, அதை யார், எங்கே முடிவு செய்கின்றனர் என்பதே அவருடைய வினா. அவ்வினா சின்க்ளேரின் நூலுக்கு முன்பே எழுந்தது, இன்றளவும் தீரவில்லை.

சிகாகோச் சந்தையும் விற்போர் நிலையும்

1865ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் சிகாகோவில் ‘யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ்’ என்னும் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. நகரின் தென்பகுதியில் சதுப்பாகக் கிடந்த ஏறத்தாழ 320 ஏக்கர் நிலத்தில், இருப்புப்பாதை நிறுவனங்களின் முதலீட்டில் அது எழுந்தது. சந்தை என்றவுடன் ஏலம் என்று எண்ணிவிடுதல் கூடாது. இங்கு நடந்தது ஏலம் அன்று. தொலைவிலுள்ள பண்ணையாளர் மாடுகளைத் தொடர்வண்டியில் ஏற்றி அனுப்புவார். கமிஷன் முகவர் அவற்றைப் பெற்றுப் பட்டியில் அடைப்பார். நிறுவனத்தின் கொள்முதலாளர் குதிரை மீதமர்ந்து பட்டி பட்டியாகப் பார்த்து வருவார். இருவரும் வாய்மொழியாக விலை பேசி முடித்த பின்னர் மாடுகள் எடைமேடைக்குச் செல்லும். பட்டி வாடகை, தீவனச் செலவு, கமிஷன், இருப்புப்பாதைக் கட்டணம் ஆகிய அனைத்தும் கழிந்த மீதமே பண்ணையாளரின் கைக்கு வரும்.

இம்முறையில் விற்பவர் நிலை தொடக்கத்திலேயே தாழ்ந்திருந்தது. வந்து சேர்ந்த மாட்டைத் திருப்பி அனுப்பினால் மறுபடியும் கட்டணம். காத்திருந்தால் நாள்தோறும் தீவனச் செலவு. பயணத்தில் குறைந்த எடையோ மீளாது. எடையிடும் முன் மாட்டுக்குத் தண்ணீரை நிறையக் காட்டும் வழக்கம் இருந்ததும், அதை அறிந்த கொள்முதலாளர் அதற்கேற்பவே விலையைக் குறைத்துச் சொன்னதும் இரு தரப்பாரும் அறிந்த செய்திகளே.

குளிரூட்டிய தொடர்வண்டிப் பெட்டிகள் பரவியபின் மாட்டை உயிருடன் கிழக்கு நகரங்களுக்கு அனுப்பும் தேவை குறைந்தது. சிகாகோவிலேயே அறுத்து இறைச்சியாக அனுப்பிய ஸ்விஃப்ட், ஆர்மர் போன்ற நிறுவனங்கள் ஓங்கின. 1880களின் நடுவில் மாட்டு விலை சரிந்தது. நகரத்து இறைச்சி விலையோ அதற்கேற்பக் குறையவில்லை என்று வளர்ப்போர் முறையிட்டனர். 1888இல் மிசூரி மாநிலத்து மேலவை உறுப்பினர் ஜார்ஜ் வெஸ்ட் தலைமையில் அமைந்த குழு 1890இல் அளித்த அறிக்கை, நிறுவனங்களின் கூட்டே இதற்குக் காரணம் என்றது. புல்வெளிகளில் அளவுக்கு மிஞ்சி மாடுகள் பெருகியிருந்ததும் 1886–87 குளிர்காலப் பேரழிவும் விலைச் சரிவில் பங்கு கொண்டவை என்பதை இங்கு மறுத்தற்கில்லை. காரணத்தை வளர்ப்போர் ஓரளவு தவறாகக் கணித்திருக்கலாம்; ஆனால் வாங்குவோர் சிலராகச் சுருங்கிவிட்டனர் என்னும் அவர்தம் கூற்று பிழையன்று.

1905 தீர்ப்பு முதல் 1921 சட்டம் வரை

அரசு தொடுத்த ஸ்விஃப்ட் நிறுவன வழக்கில் 1905ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பின் குற்றச்சாட்டுகளுள் இரண்டு உழவர் நோக்கில் முதன்மையானவை. சந்தையில் ஒருவருக்கு எதிராக ஒருவர் விலை கேட்பதில்லை என நிறுவனங்கள் தம்முள் உடன்பட்டிருந்தன என்பது ஒன்று. சில நாட்கள் விலையை வேண்டுமென்றே ஏற்றிக்காட்டி, அதை நம்பி மாடுகள் பெருந்திரளாக வந்திறங்கியதும் விலையைத் தாழ்த்தின என்பது மற்றொன்று. விலைச் செய்தி தந்தி வழியே ஊரெங்கும் பரவிய காலத்தில் அச்செய்தியே தூண்டிலாயிற்று என்பது இதன் பொருள். நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு, சந்தையில் நிகழும் விற்பனை மாநிலங்களுக்கிடையே ஓடும் வணிகப் போக்கின் ஒரு பகுதியே எனக் கொண்டு கூட்டாட்சி அரசின் அதிகாரத்தை உறுதி செய்தது. எனினும் நிறுவனத் தலைவர்கள் மீதான குற்ற வழக்கு 1912இல் சிகாகோவில் விடுதலையில் முடிந்தது.

1917இல் குடியரசுத் தலைவர் வில்சன், உணவு வணிகத்தை ஆராயுமாறு கூட்டாட்சி வணிக ஆணையத்தைப் பணித்தார். ஆர்மர், ஸ்விஃப்ட், மோரிஸ், வில்சன், கடஹி ஆகிய ஐந்து நிறுவனங்களும் கால்நடைக் கொள்முதலைக் குறித்த விழுக்காடுகளாகத் தம்முள் பங்கிட்டுக் கொண்டன என்றும், சந்தை வளாகங்களையே தம் பிடியில் வைத்திருந்தன என்றும் ஆணையம் கண்டது. சந்தைகளையும் குளிரூட்டிய பெட்டிகளையும் அரசே கையகப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு அது சென்றது. அப்பரிந்துரை நிறைவேறவில்லை. 1920இல் நிறுவனங்கள் அரசுடன் உடன்படிக்கை செய்து சந்தை வளாகங்களில் தமக்கிருந்த பங்குகளை விட்டுவிட இசைந்தன. 1921 ஆகஸ்டு 15ஆம் நாள் சட்டம் வந்தது. எடைமேடை, கட்டணம், கமிஷன், முகவர் பதிவு ஆகியன வேளாண்மைத் துறையின் கண்காணிப்பில் அமைந்தன. நிறுவனங்களின் நேர்மையற்ற நடைமுறைகள் தடை செய்யப்பட்டன.

இச்சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றோர் சிகாகோச் சந்தையின் கமிஷன் முகவர்களும் வணிகர்களுமே என்பது கருதத்தக்கது. 1922இல் அவர்கள் தோற்றனர். பிற்காலத்திலும் கன்சாஸ் நகரச் சந்தையின் கமிஷன் விகிதம் குறித்த மோர்கன் வழக்கு 1936 முதல் 1941 வரை நான்கு முறை உச்ச நீதிமன்றத்தை எட்டியது. நிருவாகச் சட்டம் பயில்வோர் அவ்வழக்கை நன்கறிவர். அது மாட்டுச் சந்தையில் பிறந்தது என்பதை அவர்கள் நினைப்பது அரிது. இடைத்தரகர் பெறும் கூலியை அளப்பதில் இத்துணை உழைப்புச் செலவானது. மாட்டின் விலையோ அவ்வாறு அளக்கப்படவில்லை.

ஏலக் கூடங்களின் எழுச்சி

சரக்குந்தும் சாலையும் பெருகிய 1930களில் பண்ணையாளர்க்குச் சிகாகோ தேவைப்படவில்லை. சிற்றூர்களில் ஏலக் கூடங்கள் தோன்றின. வட்டக் களத்தில் மாடு வலம் வர, சுற்றிலும் படியமர்ந்தோர் காணக் கேட்கும் விலை உயரும். உழவர் பலருக்கு இதுவே நேர்மையின் வடிவாகப் பட்டது. அண்டை வீட்டார் மாடு என்ன விலைக்குப் போயிற்று என்பது அன்றே தெரிந்துவிடும் அல்லவா? 1921ஆம் ஆண்டுச் சட்டமோ 20,000 சதுர அடிக்குக் குறைந்த சந்தைகளைத் தொடவில்லை. 1958ஆம் ஆண்டின் திருத்தமே அவ்வரம்பை நீக்கியது. சிகாகோச் சந்தை 1971இல் மூடப்பட்டது.

ஆயின் ஏலக் கூடத்திற்கு வந்தவை பெரிதும் கன்றுகளும், வளர்ப்புக்கான இளமாடுகளும், கழிக்கப்பட்ட பசுக்களுமே. கொழுக்க வைக்கப்பட்டு அறுவைக்குச் செல்லும் மாடு பட்டியிலிருந்து நேரே ஆலைக்குப் போகத் தொடங்கியது. ஏலத்தில் தோன்றும் கன்றின் விலை, ஏலத்திற்கே வராத கொழுத்த மாட்டின் விலையைச் சார்ந்தது. இம்முரணே பின்வந்த சிக்கல்களின் வேர்.

வாய்பாட்டு விலையும் உழவர் பிளவும்

1960இல் தொடங்கிய அயோவா பீஃப் பேக்கர்ஸ் நிறுவனம், மாடு கொழுக்கும் பகுதிகளுக்கே ஆலைகளைக் கொண்டு சென்றது. 1967 முதல் இறைச்சியைத் துண்டாக்கிப் பெட்டியிலடைத்து அனுப்பியது. பழைய ஐவர் இப்போட்டியில் நிலைக்கவில்லை. ஆயினும் வாங்குவோர் தொகை மறுபடியும் சுருங்கியது. கொழுத்த மாடுகளின் அறுவையில் நான்கு பெரிய நிறுவனங்களின் பங்கு 1980இல் 36 விழுக்காடு, 1990இல் 72, பின்னர் ஏறத்தாழ 85.

இக்காலத்தில் விலை பேசும் வழக்கமும் தேய்ந்தது. பட்டி உரிமையாளர் ஆலையுடன் முன்னரே ஒப்பந்தம் செய்துகொள்வார். மாட்டின் விலை, முந்திய வாரம் பிறர் பேசி முடித்த ரொக்க விலையின் சராசரியோடு தரத்திற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கணக்கிடப்படும். இவ்வாறு, பேசி விற்கும் சிலரின் விலை பேசாது விற்கும் பலருக்கும் அடிப்படையாயிற்று. 2005 அளவில் பாதியாக இருந்த ரொக்க விற்பனை, 2010களின் இறுதியில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. டெக்சாஸ் பகுதியில் இன்னும் குறைவு. 1999ஆம் ஆண்டின் கட்டாய விலை அறிவிப்புச் சட்டம், ஆண்டுக்கு 125,000 மாடுகளுக்கு மேல் அறுக்கும் ஆலைகள் விலைகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆனால் பரிமாற்றம் மிகச் சிலவாகும்போது வணிக மறைப்பு விதியின் காரணமாக அவ்விலை வெளியிடப்படுவதில்லை. கொலராடோவில் இது பலமுறை நேர்ந்தது.

ஒப்பந்த மாடுகளைக் கொண்டு நிறுவனம் ரொக்க விலையைத் தாழ்த்துகின்றது என்று மாடு வளர்ப்போர் தொடுத்த பிக்கெட் வழக்கில், 2004இல் அலபாமாவில் நடுவர் குழு 128 கோடி டாலர் இழப்பீடு அளித்தது. ஒப்பந்தத்திற்கு வணிக நியாயம் உண்டு எனக் கூறி நீதிபதி அதைத் தள்ளினார். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாறே முடிவு செய்தது. சட்டத்தின் பழைய சொற்கள் சந்தை வளாகத்தை விட்டு வெளியேறிய வணிகத்தின் முன் வலுவிழந்தன எனலாம்.

உழவர் அனைவரும் ஒரே குரலில் பேசினர் எனக் கொள்வதும் பொருந்தாது. பெரிய பட்டியாளர்க்கு ஒப்பந்தம் ஆலையில் உறுதியான இடத்தையும் தரத்திற்கு மிகை விலையையும் தருகின்றது. வாரந்தோறும் பேரம் பேசும் சுமையும் இல்லை. தேசிய மாடு வளர்ப்போர் மாட்டிறைச்சிச் சங்கம் அவ்வுரிமையில் அரசு தலையிடலாகாது என்கின்றது. 1998இல் தோன்றிய ‘ஆர்-கால்ஃப்’ என்னும் சங்கமோ ரொக்கச் சந்தை அழிந்தால் சிறு வளர்ப்போர் அழிவர் என்கின்றது.

2019 ஆகஸ்டு 9ஆம் நாள் கன்சாஸ் மாநிலத்தின் ஹோல்கம் நகரில் ஓர் ஆலை தீக்கிரையானது. மாட்டு விலை விழுந்தது. பெட்டி இறைச்சியின் விலை ஏறியது. அடுத்த ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் இவ்விடைவெளி மேலும் விரிந்தது. அறுவைத் திறன் குறைந்தால் மாடு தேங்குவதும் இறைச்சி அருகுவதும் இயல்பே என்பது பொருளியலார் விளக்கம். விளக்கம் சரியாயினும், அவ்விடைவெளியின் ஊதியம் யாரிடம் சேர்ந்தது என்பதே வளர்ப்போர் கேட்டது. 2020 மே மாதம் அயோவா மாநிலத்து மேலவை உறுப்பினர் கிராஸ்லி கொணர்ந்த சட்ட வரைவு, பெரிய ஆலைகள் வாரந்தோறும் அறுக்கும் மாடுகளுள் பாதியை ரொக்கச் சந்தையில் வாங்கி 14 நாட்களுக்குள் அறுக்க வேண்டும் என்றது. பேரம் இன்னும் உயிரோடிருந்த அயோவா உழவர் பலர் அதை வரவேற்றனர். ஒப்பந்தமே வழக்கமாகிவிட்ட டெக்சாஸ் பட்டியாளர்கள் எதிர்த்தனர். வரைவு சட்டமாகவில்லை.