நீர்க்கடுப்பின் மருந்துகள்

நீர்க்கடுப்பு என்றும் நீர்ச்சுருக்கு என்றும் நம் வீடுகளில் தணிந்த குரலில் மட்டுமே பேசப்படும் நோய் ஒன்று உண்டு. நம்மிடம் பயிலும் முதலாண்டு மாணவி ஒருத்தி சென்ற பருவத்தில் நான்கு நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. விடுப்புக் கடிதத்தில் 'வயிற்றுவலி' என்றிருந்தது. அவளுடைய தாயார் வந்து சொன்ன பிறகே உண்மை தெரிந்தது. கழிப்பறைக்கு அஞ்சிப் பகல் முழுதும் நீர் அருந்தாமலிருந்திருக்கிறாள். கடையில் சீட்டின்றி வாங்கிய நார்ஃப்ளாக்சசின் மாத்திரையை இரண்டு வேளை விழுங்கி, எரிச்சல் தணிந்ததும் நிறுத்திவிட்டாள். நோய் காய்ச்சலோடு திரும்பி வந்தது. அந்த மாத்திரையின் வரலாற்றைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும்.

குழந்தைகளின் குடலில் வாழும் நுண்ணுயிர் ஒன்றை 1885-இல் விவரித்தவர் தியோடர் எஷ்ரிஷ். இன்று அவர் பெயரால் வழங்கும் அந்த இ.கோலை, குடலில் சாதுவாகவே இருக்கிறது. இடம் மாறிச் சிறுநீர்ப்பைக்குள் புகும்போதுதான் பகையாகிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழல் ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே என்பதால் அதற்கு அந்தப் பயணம் எளிது. உடலமைப்பின் பாற்பட்ட இச்செய்தியை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடும் பழக்கம் நம்மை விட்டு இன்னும் அகலவில்லை.

இதற்கென முதலில் வந்த நவீன மருந்துகளுள் ஒன்று ஹெக்சமின். ஜெர்மானிய மருத்துவர் ஆர்தர் நிக்கோலயர் 1890-களில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அமிலத்தன்மை கொண்ட சிறுநீரில் இது சிதைந்து ஃபார்மால்டிஹைடை வெளியிடும். விலங்கியல் ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவைகளில் தவளைகளைக் கெடாமல் காக்கும் அதே பொருள்தான்! நிக்கோலயர் யூதர். 1942-இல், எண்பது வயதில், நாஜிகள் தம்மை வதைமுகாமுக்கு அனுப்பவிருந்த வேளையில் பெர்லினில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உலகெங்கும் நோயாளிகள் அவருடைய மருந்தை உட்கொண்டிருந்த காலம் அது.

1935-இல் கெர்ஹார்ட் டோமாக் புரோன்டோசில் என்னும் சிவப்புச் சாயத்தின் கிருமிகொல்லும் ஆற்றலை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில், ஊசி குத்திச் சீழ்பிடித்துக் கையை இழக்கவிருந்த தம் சிறுமகளை அந்தச் சாயத்தைக் கொண்டே காப்பாற்றினார். 1939-இல் அறிவிக்கப்பட்ட நோபல் பரிசை மறுக்குமாறு ஹிட்லரின் அரசு அவரைக் கட்டாயப்படுத்தியது. ஒரே அரசு அந்த மருத்துவரை ஒருவிதமாகவும் இந்த மருத்துவரை வேறுவிதமாகவும் வதைத்திருக்கிறது.

சல்ஃபா மருந்துகளுக்குப் பின் 1953-இல் நைட்ரோஃபியூரன்டாயின் வந்தது. 1962-இல், மலேரியா மருந்தான குளோரோகுயினைத் தயாரிக்கையில் கிடைத்த துணைப்பொருளிலிருந்து ஜார்ஜ் லெஷர் குழுவினர் நாலிடிக்சிக் அமிலத்தை உருவாக்கினர். நார்ஃப்ளாக்சசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் அதன் வழித்தோன்றல்களே. 1980-களில் இவை வந்தபோது பழைய மருந்துகள் ஓரங்கட்டப்பட்டன. தும்மலுக்கும் வயிற்றுப்போக்குக்கும்கூட இவற்றை அள்ளி வழங்கினோம். கிருமிகள் பாடம் கற்றுக்கொண்டன. தசைநாண், நரம்பு முதலியவற்றுக்கு இவற்றால் ஊறு நேரக்கூடும் என்பதால், வேறு மருந்து இருக்கையில் எளிய சிறுநீர்த் தொற்றுக்கு இவற்றைத் தரவேண்டாம் என்று 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. வளரும் வயதினருக்கு இவற்றைத் தருவதில் மருத்துவர்கள் முன்பிருந்தே தயக்கம் காட்டி வந்தனர்.

ஓரங்கட்டப்பட்டவை திரும்பி வந்ததுதான் இக்கதையின் சுவையான பகுதி. நைட்ரோஃபியூரன்டாயின் இரத்தத்தில் தங்காமல் சிறுநீரில் செறிவது. கிருமியைப் பல முனைகளில் தாக்குவதால் அதற்கு எதிர்ப்பு எளிதில் உருவாவதில்லை. 2011-இல் வெளியான அமெரிக்க நெறிமுறை அதை ஐந்து நாட்களுக்குப் பரிந்துரைத்தது. நிக்கோலயரின் ஹெக்சமினும் மீண்டது. அடிக்கடி தொற்றுக்கு ஆளாகும் 240 பெண்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. நோய் திரும்பாமல் தடுப்பதில் அது ஆன்டிபயாடிக்குகளுக்குக் குறைந்ததன்று என்று அவ்வாய்வு கண்டது. முற்றிலும் புதிய வகையான ஜெப்போட்டிடாசினுக்கு 2025 மார்ச்சில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. 12 வயது நிரம்பி, 40 கிலோவேனும் எடையுள்ள சிறுமியரும் அவ்வொப்புதலில் அடங்குவர்.

நம் மாணவியின் சிறுநீரைச் சோதித்தபோது, அவள் விழுங்கிய மாத்திரைக்கு அக்கிருமி அசையவில்லை என்று தெரிந்தது. காய்ச்சல் கண்டு சிறுநீரகம் வரை தொற்று ஏறிவிட்டதால் சிறுநீரிலேயே வேலை செய்யும் நைட்ரோஃபியூரன்டாயின் போதாதென்று மருத்துவமனையில் சேர்த்து ஊசி போட்டார்கள். தொடக்கத்திலேயே வந்திருந்தால் 1953-ஆம் ஆண்டு மருந்தே போதுமாயிருந்திருக்கும் என்றாராம் மருத்துவர். இப்போது வகுப்புக்கு வருகிறாள். தண்ணீர்ப் புட்டியும் கொண்டுவருகிறாள். மகளிர் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கேட்டு நாம் எழுதிய மனு அலுவலகத்தில் இருக்கிறது.