சர்க்கரைக்கு ஒரு லீட் பேங்க்

போபாலுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம். போன மாதம்தான் அப்பாவை மதுரையிலிருந்து எங்களோடு கூட்டி வந்தோம். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், இருபது வருட சர்க்கரை. அவரிடம் ரயில்வே ஆஸ்பத்திரி அட்டை, என்னிடம் பேங்க் இன்ஷூரன்ஸ், தம்பிக்கு இ.எஸ்.ஐ. மூன்று பேருக்கும் சர்க்கரை, மூன்று பேருக்கும் வேறு வேறு நோட்டு!

இங்கே கண் டாக்டர் பார்த்துவிட்டு, "விழித்திரையில் கசிவு இருக்கிறது, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்றார். நான்கு வருடமாகப் பார்க்கவே இல்லை. மாத்திரை எழுதியவர், வேறு யாராவது கண்ணைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். நாங்களும் அப்படியே. அந்தக் கோபத்தில் உட்கார்ந்து பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

1972-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., சர்க்கரையைக் கணக்கெடுக்கக் கிளம்பியது. அகமதாபாத், கல்கத்தா, கட்டாக், டெல்லி, பூனா, திருவனந்தபுரம் என்று ஆறு இடங்கள். (மெட்ராஸ் கிடையாது, கவனித்தீர்களா?) நகரத்தில் 2.1 சதவீதம், கிராமத்தில் 1.5. மலேரியாவும் காசநோயும் உலுக்கிக்கொண்டிருந்த நேரம். பணக்கார வியாதி என்று எல்லோரும் நினைத்த ஒன்று யார் கண்ணில் படும்?

அமெரிக்காவில் 1974-ல் ஒரு சட்டமே போட்டார்கள். சர்க்கரையைப் பற்றி வேலை செய்யும் அரசு அமைப்புகள் எல்லாம் ஒரே கமிட்டியில் உட்கார வேண்டும் என்று. ஆராய்ச்சி நிறுவனம், நோய்த்தடுப்பு மையம், பழங்குடியினர் சுகாதாரத் துறை மூன்றும் கைகோர்த்த ஒரு பெரிய ஆய்வு 2002-ல் வெளியானது. உணவையும் நடையையும் மாற்றினால் சர்க்கரை வருவது 58 சதவீதம் குறையும் என்று அது காட்டியது.

நம் ஊரில் 1987-ல், ஏழாவது ஐந்தாண்டுத் திட்டத்தில், தேசிய நீரிழிவுக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பித்தது. தமிழ்நாடு, கர்நாடகா, ஜம்மு காஷ்மீரில் சில மாவட்டங்கள் மட்டும். பிறகு பணம் வரவில்லை. அங்கேயே நின்றது. பேங்க்காரன் பாஷையில் சொன்னால், சாங்ஷன் ஆனது, டிஸ்பர்ஸ் ஆகவில்லை :-)

அடுத்து 2010-ல்தான். புற்றுநோய், இதய நோய், பக்கவாதத்தோடு சேர்த்து 21 மாநிலங்களில் 100 மாவட்டங்கள். முதலில் மத்திய அரசு 80, மாநிலம் 20. பின்னால் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60:40. இருபத்து மூன்று வருட இடைவெளியில் எத்தனை பேருக்குக் காலும் கண்ணும் போயிருக்கும்!

கணக்கெடுப்பு தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரைப் பார்த்த இந்தியாப் ஆய்வை ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் சென்னை மருத்துவர்கள்தான் முன்னின்று நடத்தினார்கள். 2023-ல் வந்த முடிவு: 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. கோவாவில் 26.4 சதவீதம், உத்தரப் பிரதேசத்தில் 4.8. எண்ணுவது ஒரு துறை, மருந்து கொடுப்பது மாநிலம். ரயில்வேயும் இ.எஸ்.ஐ.யும் தனித்தனி அமைச்சகம்.

1969 டிசம்பரில் ரிசர்வ் வங்கி லீட் பேங்க் திட்டம் கொண்டுவந்தது. மாவட்டத்துக்கு ஒரு வங்கி பொறுப்பு. அந்தக் கூட்டங்களில் டீயும் சமோசாவும்தான் நடக்கும் என்று நாங்களே கேலி செய்வோம். ஆனால் மாவட்டத்தில் கடன் போய்ச் சேரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெரியும். அப்பாவின் கண்ணுக்கு அப்படி யாரைக் கேட்பது?

2017-ல் பல அமைச்சகங்களுக்கு வேலை பிரித்து மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு செயல்திட்டம் போட்டது. 2021-ல் 14 இலக்க சுகாதார எண் வந்தது. வெளியூரில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் உண்மையில் பயன்படக்கூடியது. அப்பாவுக்கு எடுத்துவிட்டேன். பழைய நோட்டில் இருப்பது ஒன்றும் அதில் ஏறவில்லை. இப்போதைக்கு எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். வரும் செவ்வாய் அவருக்குக் கண்ணில் லேசர்.