விலங்கு உடைந்த கதை – 17: நான்காம் அங்கத்தில் எழுந்துபோன இளவரசன்

1787 மே 22 அன்று லண்டன் ஜார்ஜ் யார்டு அச்சகத்தில் அடிமை வணிகத்தை எதிர்த்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். அந்த அறைக்குள் நுழையுமுன், அந்த ஊரைத் தலைமுறை தலைமுறையாக அழவைத்த ‘ஒரூனோக்கோ’ நாடகத்தை ஒரு நடை பார்த்துவிடுவோம்.

அஃப்ரா பென் 1688-இல் எழுதிய கதையை, தாமஸ் சதர்ன் 1695-இல் மேடையேற்றினார். கடற்கரை அரசின் இளவரசன் ஒரூனோக்கோ. அவன் உயிரான இமோயிண்டா. அவளை யாரோ விற்றுவிடுகிறார்கள். அவனையோ ஒரு கப்பல் கேப்டன் விருந்துக்கு அழைத்து விலங்கு பூட்டுகிறான். இருவரும் மறுபடி சந்திப்பது சுரினாமின் அடிமைத் தோட்டத்தில். பிறகு கலகம், துரோகம், இருவரின் சாவு.

1749 பிப்ரவரியில் கோவென்ட் கார்டன் அரங்கில் இந்த நாடகம் நடந்தது. பார்க்க வந்தவர்களில் ஓர் ஆப்பிரிக்க இளைஞன், வில்லியம் அன்சா செசராக்கூ. இன்றைய கானாவில் உள்ள அனோமாபு அவன் ஊர். ஒரூனோக்கோவின் நாடாகக் கதை சொல்லும் கொரமாண்டின் அதற்குப் பக்கத்து ஊர்தான். மகன் இங்கிலாந்தில் படிக்கட்டும் என்று தகப்பன் ஒரு கேப்டனை நம்பி அனுப்பினான். அந்தப் பாவி பையனைப் பார்படோஸில் அடிமையாக விற்றுவிட்டான். மீட்கப்பட்டு லண்டன் வந்தவனுக்குப் பட்டாடை, அரசர் இரண்டாம் ஜார்ஜின் தரிசனம் என்று ஏக உபசாரம்.

அவனும் உடன் வந்த தோழன் ஒருவனும் அரங்கில் நுழைந்ததும் கூட்டம் கைதட்டியது. மேடையில், கேப்டனால் ஏமாற்றப்பட்ட இளவரசன் அடிமையாக நிற்கிறான். தான் பட்டதையே நடிகர்கள் நடித்துக் காட்டினால் யாரால் உட்கார்ந்திருக்க முடியும்? நான்காம் அங்கம் முடிந்ததும் செசராக்கூ தாங்க முடியாமல் எழுந்து போய்விட்டான். தோழன் கடைசிவரை இருந்து அழுதுகொண்டே இருந்தான். நாடகத்தைவிட அந்த அழுகைதான் சனங்களை உலுக்கியது என்று அன்றைய பத்திரிகை எழுதியது.

உலுக்கியது சரி, யாருக்காக? செசராக்கூவின் தகப்பனே அனோமாபுவின் பெரும் அடிமை வியாபாரி. அவன் தயவு இல்லாமல் ஆங்கிலேயர் அங்கே கடை விரிக்க முடியாது. பிரெஞ்சுக்காரரும் அவனுக்கு வலை வீசிக்கொண்டிருந்தார்கள். மகன் மீட்கப்பட்ட காரணம் அதுதான். பார்படோஸில் விற்கப்பட்ட சாமானியர்களைத் தேடி எவரும் போகவில்லை. சதர்னின் நாயகனுக்கும் அடிமை வியாபாரம் தவறாகத் தெரியவில்லை. தோட்ட முதலாளிகள் காசு கொடுத்து நியாயமாக வாங்கியவர்கள் என்று முதலில் அவர்களுக்காக வாதாடுகிறான்!

சதர்ன் பெரிய கலைஞர்தான். ஆனால் அவர் நாடகம் அடிமை முறையை எதிர்க்கவில்லை, ராஜ ரத்தத்துக்கு நேர்ந்த அவமானத்துக்கு அழுதது. அரங்கில் கண்ணீர் பெருகிய அந்த ஆண்டுகளிலும் லண்டன், பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களிலிருந்து அடிமைக் கப்பல்கள் கிளம்பிக்கொண்டேதான் இருந்தன.

பெயர் தெரியாத சாமானிய அடிமைக்காக வழக்காட வந்தவர்கள் அச்சகத்தில் கூடிய அந்தப் பன்னிரண்டு பேர். என் கணக்கில் வீரர்கள் அவர்களே. அவர்களை அடுத்த வாரம் சந்திப்போம்.