ஒலி வேறு, புரிதல் வேறு: அமெச்சூர் வானொலியில் இரைச்சல் நீக்கத்தின் வரலாறு

அமெச்சூர் வானொலியாளர்கள் தொடர்பு கிடைத்தவுடன் ஒருவருக்கொருவர் தரும் அறிக்கையில் இரண்டு எண்கள் உண்டு. பேச்சு எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பதற்கு 1 முதல் 5 வரை ஓர் எண். குறிகை எவ்வளவு வலுவாக வருகிறது என்பதற்கு 1 முதல் 9 வரை மற்றோர் எண். மோர்ஸ் தந்தியாயின் தொனியின் தூய்மைக்கு மூன்றாவது எண் ஒன்றும் சேரும். அமெரிக்க வானொலியாளர் ஆர்தர் பிராட்டன் 1934-இல் முன்வைத்த முறை இது. வலிமையையும் புரிதலையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது. இன்றைய வானொலிப் பெட்டிகளின் முகப்பில் உள்ள இரண்டு பொத்தான்களை, அதாவது தானியங்கி நாட்ச் வடிப்பானையும் இரைச்சல் குறைப்பானையும், மதிப்பிடும்போது அந்தத் தெளிவு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இவை எந்த அளவுக்குப் பயன்படுகின்றன என்ற கேள்விக்கு விடை காண, எந்த எதிரியை எதிர்க்க இவை உருவாயின என்பதை முதலில் அறிய வேண்டும்.

தென்னிந்தியாவில் அமெச்சூர் முயற்சியாகவே வானொலி தொடங்கியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முன்முயற்சியால் 1924-இல் உருவான சென்னை மாகாண வானொலிக் கழகம் அதே ஆண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. பணமின்மையால் 1927-இல் அது நின்றுபோக, அதன் பரப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அமெச்சூர்களின் பரப்பியே பொது ஒலிபரப்புக்கு வித்தானது. பின்னாளில் சிற்றலையில் இதே ஒலிபரப்பு அமெச்சூர்களின் பெரிய தொல்லையாகவும் வளர்ந்தது.

காரணம் எளிது. ஒலிபரப்பு நிலையங்கள் பேச்சோடு சேர்த்து வலுவான சுமப்பி அலை ஒன்றையும் இடைவிடாது அனுப்புகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெச்சூர்களிடையே பரவிய ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் சுமப்பி அலை அனுப்பப்படுவதில்லை. வாங்கியே அதற்கு ஈடான அலையைத் தன்னுள் உண்டாக்கிக்கொள்கிறது. அந்த அலையிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஓர் ஒலிபரப்பு நிலையம் இருந்தால், இரண்டும் கலந்து 1,000 ஹெர்ட்ஸ் விசிலாகக் காதில் ஒலிக்கும். ஆசியாவில் 7100 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி நீண்டகாலம் ஒலிபரப்பாளர்களிடம் இருந்தது. அதை ஒட்டிய அமெச்சூர் பட்டையின் இரவுகள் விசில்களால் நிறைந்திருந்தன. குமிழைக் கையால் திருப்பி, விசில் உள்ள ஒரே இடத்தில் மட்டும் ஆழமான பள்ளம் வெட்டும் நாட்ச் வடிப்பானே அக்காலத்துத் தீர்வு.

கையின் வேலையைக் கணிதத்திடம் ஒப்படைக்கும் வழி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய மாணவர் டெட் ஹாஃபும் 1960-இல் ஒரு நெறிமுறையை வெளியிட்டனர். தன் கணிப்புக்கும் உண்மைக்கும் இடையிலான பிழையைக் கண்டு, ஒவ்வொரு கணமும் தன்னைச் சிறிது திருத்திக்கொள்ளும் நெறிமுறை அது. ஹாஃப் பின்னர் இன்டெல் நிறுவனத்தில் முதல் நுண்செயலியின் உருவாக்கத்தில் பங்கேற்றார். இதயத்துடிப்பு வரைபடத்தில் கலந்துவிடும் 60 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சலை நீக்க, ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 1965-இல் இந்நெறிமுறையைப் பயன்படுத்தினர். விட்ரோவும் உடனாய்வாளர்களும் 1975-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இம்முயற்சிகளைத் தொகுத்தது. அதன் மையக் கருத்து இரண்டு காதுகளைப் போன்றது: ஓர் உள்ளீடு குறிகையும் இரைச்சலும் கலந்ததைக் கேட்கும், மற்றொன்று இரைச்சலை மட்டும் கேட்கும். இரண்டாவதை அறிந்தால் முதலாவதிலிருந்து அதைக் கழித்துவிடலாம்.

வானொலிப் பெட்டிக்குப் பெரும்பாலும் ஒரே ஆண்டெனாதான். இரண்டாவது காது இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கும் அதே கட்டுரை வழி காட்டியது. குறிகையைச் சிறிது தாமதப்படுத்தி, அந்தப் பழைய ஒலியைக் கொண்டு இப்போதைய ஒலியைக் கணிக்கச் செய்ய வேண்டும். விசில் மாறாத ஒலி. அது எப்போதும் கணிப்புக்குள் அடங்கும். பேச்சு விரைந்து மாறுவது. நீண்ட தாமதத்துக்குப் பின் அதைக் கணிக்க இயலாது. ஆகவே கணிக்கப்பட்டதை வீசியெறிந்து பிழையை வைத்துக்கொண்டால் நாட்ச் வடிப்பான் கிடைக்கும். தாமதத்தைக் குறைத்தால் பேச்சின் ஒழுங்கு கணிப்புக்குள் வந்துவிடும். ஒழுங்கற்ற இரைச்சல் வெளியே நிற்கும். அப்போது பிழையை வீசிவிட்டுக் கணிப்பை வைத்துக்கொண்டால் இரைச்சல் குறைப்பான் கிடைக்கும். ஒரே சுற்று, இரண்டு வாசல்கள். எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்ற முடிவே இரண்டு பொத்தான்களையும் வேறுபடுத்துகிறது.

இம்முடிவுக்குள் மொழி பற்றிய ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மாறாதது இரைச்சல், மாறுவது பேச்சு என்கிறது நாட்ச். மோர்ஸ் தந்தியாளருக்கோ மாறாத தொனியே செய்தி. ஆகவே மோர்ஸ் கேட்கும்போது தானியங்கி நாட்சை இயக்கினால், கேட்க வேண்டிய குறியையே அது விழுங்கப் பார்க்கும். பல வானொலிகளில் மோர்ஸ் முறையில் அப்பொத்தான் செயலிழக்கச் செய்யப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

இந்தக் கணிதம் வீட்டு மேசைக்கு வர மலிவான சில்லுகள் தேவைப்பட்டன. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எண்முறைக் குறிகைச் செயலிகள் 1980-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தன. அதே நிறுவனம் 1985-இல் பெங்களூருவில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது; நகரின் மின்னணுத் தொழில் வரலாற்றில் அது ஒரு திருப்பம். டேவ் ஹெர்ஷ்பர்கர் 1992-இல் ‘க்யூஎஸ்டி’ இதழில் வெளியிட்ட குறைந்த விலை வடிவமைப்பு, தானியங்கி நாட்சையும் இரைச்சல் குறைப்பையும் தாமே கருவி செய்துகொள்ளும் அமெச்சூர்களின் கைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது ஒலிபெருக்கிக்கு முன்னால் இணைக்கப்படும் வெளிப்பெட்டி. வலுவான விசில் வந்தால் வானொலியின் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு முன்னரே அதற்கு அஞ்சி ஒலியைத் தாழ்த்திவிடும். விசிலைப் பிற்பாடு நீக்கினாலும், நலிந்த பேச்சு நலிந்தபடியே நிற்கும். கென்வுட் டிஎஸ்-870எஸ் போன்ற 1990-களின் நடுப்பகுதி வானொலிகள் குறிகைச் செயலாக்கத்தை இடைநிலை அதிர்வெண்ணுக்கு நகர்த்தின. நாட்ச் அந்தக் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் அமையும் வானொலிகளில் இக்குறை தீர்ந்தது. மாறாத விசில் ஒன்றிரண்டு வந்தால் அவற்றை நொடிப்பொழுதில் கண்டு, காதுக்கு எட்டாதபடி நீக்குவதில் இத்தகைய நாட்ச் உண்மையாகவே வெற்றி பெற்றது.

வெற்றி கிடைத்த சில ஆண்டுகளில் எதிரி களத்தைவிட்டு விலகத் தொடங்கினான். ஜெனீவாவில் 2003-இல் கூடிய உலக வானொலி மாநாட்டின் முடிவுப்படி, 2009 மார்ச் 29 அன்று ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் 7100 முதல் 7200 வரையிலான பகுதியை ஒலிபரப்பாளர்கள் காலிசெய்ய வேண்டியிருந்தது. அதே காலத்தில் வீடுகளுக்குள் புதிய எதிரி குடியேறினான்.

பெங்களூருவில் ஆஸ்டின் டவுனுக்கும் ஈஜிபுராவுக்கும் நடுவே, தமிழர் கணிசமாக வாழும் விவேக் நகரை எடுத்துக்கொள்ளலாம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒவ்வொன்றிலும் எல்இடி விளக்குகள், கைப்பேசி மின்னேற்றிகள், இன்வெர்ட்டர்கள். இவற்றின் உள்ளிருக்கும் மின்வழங்கிகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகின்றன. அந்த வெட்டின் சிதறல்கள் சிற்றலை முழுவதும் பரவுகின்றன. அவை ஓரிடத்தில் நில்லாது மெல்ல நகர்கின்றன. பல கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு விரிகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் தாளத்தில் நொடிக்கு 100 முறை அதிர்கின்றன. நாட்சுக்கு இது போதிய அளவு நிலையானதாக இல்லை. இரைச்சல் குறைப்பானுக்கோ போதிய அளவு ஒழுங்கற்றதாக இல்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கீட்டு மாதிரிப்படி, 7 மெகாஹெர்ட்ஸில் நகரத்தின் இரைச்சல் அமைதியான நாட்டுப்புறத்தைவிட ஏறத்தாழ 24 டெசிபல் அதிகம். ஆற்றலில் சுமார் 250 மடங்கு. அம்மாதிரி எல்இடி விளக்குகளுக்கு முந்தைய காலத்து அளவீடுகளைச் சார்ந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. இத்தகைய இடத்தில் பொத்தானைவிட, மின்னேற்றியின் கம்பியில் மாட்டும் ஃபெரைட் வளையமும், இரைச்சல் வரும் திசையைத் தவிர்க்கும்படி திருப்பத்தக்க வளைய ஆண்டெனாவும் கூடுதலாக உதவுகின்றன. இரைச்சலை மட்டும் கேட்க இரண்டாவது ஆண்டெனா வைத்துக் கழிக்கும் கருவிகளும் உண்டு. அவை விட்ரோவின் இரண்டு காதுகளுக்கே திரும்பிச் செல்கின்றன.

இரைச்சல் குறைப்பானைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் ஆழமானது. லிம், ஓப்பன்ஹைம் ஆகியோர் 1979-இலேயே இத்துறையை மதிப்பாய்வு செய்து, இம்முறைகள் பேச்சின் தரத்தை உயர்த்துவதாகத் தோன்றினாலும் புரிதலைப் பொதுவாக உயர்த்தவில்லை என்பதைச் சுட்டினர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ஹூ, லொய்சூ ஆகியோர் 2007-இல் எட்டு நெறிமுறைகளை ஒப்பிட்டபோதும் ஏறத்தாழ அதே முடிவே கிடைத்தது. கேட்பவரின் களைப்பு குறைகிறது. பிடிபடும் சொற்களின் எண்ணிக்கை அநேகமாக அப்படியே இருக்கிறது. நீண்ட இரவுகளில் வானொலி முன் அமர்ந்திருப்பவருக்குக் களைப்புக் குறைவதும் பெரிய நன்மையே. ஆயினும் அது பிராட்டனின் முதல் எண்ணை உயர்த்திவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

ஹூவும் லொய்சூவும் சோதித்தவை ஆங்கில வாக்கியங்கள். தமிழில் பணயம் வேறு. பல்லி–பள்ளி, மனம்–மணம், ஏரி–ஏறி, வாலை–வாளை–வாழை என ஒரே மெய்யின் வேறுபாட்டில் பொருள் மாறும் சொற்கள் இம்மொழியில் ஏராளம். நாவளை ஒலிகளைப் பிரித்துக்காட்டும் தடயம், உயிரிலிருந்து மெய்க்குச் செல்லும் சில பத்து மில்லிநொடி மாற்றத்தில் இருக்கிறது. நலிந்ததும் விரைந்து மாறுவதுமான அத்தகைய தடயங்களையே கடுமையான இரைச்சல் குறைப்பு முதலில் மழுங்கடிக்கும்.

இதன் கனத்தை 2004 டிசம்பர் 26 உணர்த்தியது. ஆழிப்பேரலை தாக்கியபோது அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாதின் குழு, மற்றத் தொடர்புகள் அறுந்த தீவுகளிலிருந்து சிற்றலை வழியாகச் செய்திகளை நிலப்பகுதிக்கு அனுப்பியது. அத்தகைய நேரத்தில் செய்தியின் உயிர், பெயர்களிலும் எண்களிலும் ஊர்களிலும் இருக்கிறது. அவற்றைக் காக்க வானொலியாளர்கள் நம்புவது ஆல்ஃபா, பிராவோ என்று எழுத்தெழுத்தாக உச்சரித்து மீண்டும் சொல்லும் பழக்கத்தை. தமிழ்ப் பெயர்களுக்கு இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ரோமன் எழுத்தில் ழகரம் ‘ஜூலு ஹோட்டல்’ என்று தப்பித்துவிடும். லகரமும் ளகரமும் ஒரே ‘லிமா’வாகவும், னகரமும் ணகரமும் ஒரே ‘நவம்பர்’ ஆகவும் சுருங்கிவிடும். இரைச்சல் அழிக்காததை எழுத்துமுறையே அழித்துவிடுகிறது.

ஆகவே இப்பொத்தான்களின் பயனைத் தமிழில் அளக்க டெசிபல் மட்டும் போதாது. இத்தகைய இணைச்சொற்களின் பட்டியல் ஒன்றை நகர இரைச்சலினூடே ஒலிபரப்பி, பொத்தான் இயங்கும்போதும் இயங்காதபோதும் தமிழ் கேட்பவர்கள் எத்தனை சொற்களைச் சரியாக எழுதுகிறார்கள் என்று எண்ண வேண்டும். இதற்கு வேண்டியவை உரிமம் பெற்ற ஒரு வானொலியாளர், ஒரு மொழியியல் மாணவர், விவேக் நகர் போன்ற ஒரு தெருவின் மாலை நேரம். பொறியியல் துறையும் மொழியியல் துறையும் சேர்ந்து எடுத்துக்கொள்ளத்தக்க ஆய்வுத் தலைப்பு இது.