காழ்ப்பு: மரத்திலிருந்து மனத்துக்கு

இன்றைய தமிழில் 'காழ்ப்பு' பெரும்பாலும் 'உணர்ச்சி'யோடு சேர்ந்து, ஒரு கட்சி மற்றொரு கட்சியைச் சாடும் அறிக்கைகளில் 'அரசியல் காழ்ப்புணர்ச்சி' என வழங்குகிறது. ஆனால் அதன் அடியாகிய 'காழ்' பழந்தமிழில் விதை, மணிவடம், கம்பம், மரத்தின் வயிரம் எனக் கைக்குத் தட்டுப்படும் பொருள்களையே பெரிதும் குறித்தது.

இவற்றுள் காழ்ப்பின் பொருளை விளங்கவைப்பது மரத்தின் வயிரமே. தொல்காப்பிய மரபியல், பனை, தெங்கு, மூங்கில் போலப் புறத்தே வன்மையுடையவற்றைப் 'புறக்காழ்' எனக் கொண்டு புல் வகையிலும், உள்ளே வன்மையுடையவற்றை 'அகக்காழ்' எனக் கொண்டு மர வகையிலும் அடக்குகிறது. அகக்காழ் இளமரத்தில் இராது. ஆண்டுகள் செல்லச் செல்ல உட்பகுதி நீர் கடத்துவதை நிறுத்தி, நிறம் கருத்து, பூச்சி எளிதில் அரிக்காதபடி இறுகுவதனாலேயே அது உண்டாகிறது. இவ்வாறு முதிர்ந்து இறுகுதலே 'காழ்த்தல்'. திருக்குறள் இவ்வினையை ஓரிடத்தில் (760) பொருள் மிகுதியாக ஈட்டுவதற்கு ஆள்வதால், சொல்லில் இயல்பாகவே தீமை இல்லை என்பது தெளிவு. மற்றோரிடத்தில் (879) முள்மரத்தை இளமையிலேயே களைய வேண்டும், காழ்த்தபின் அது வெட்டுவோர் கையையே வருத்தும் என்கிறது. அக்குறள் பகைத்திறந்தெரிதல் அதிகாரத்தில் இருப்பதால், மரத்தின் காழும் மனத்தின் பகையும் அங்கேயே அருகருகே வந்துவிடுகின்றன.

'வயிரம்' என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்குகிறது. வடமொழியில் மணியைக் குறிக்கும் 'வஜ்ரம்' வேறு, பகையைக் குறிக்கும் 'வைரம்' வேறு. தமிழில் இரண்டும் ஒரே வடிவத்தை அடைந்ததால், வயிரம் பாய்ந்த கட்டையும் மனத்தில் வயிரம் வைப்பதும் ஒரு சொல்லுக்குள் அடங்கின. இது ஒலி ஒப்புமையால் நேர்ந்த கூட்டு. காழ்ப்பிலோ பொருளே படிப்படியாக நகர்ந்திருக்கிறது.

ஆகவே காழ்ப்பு சினத்தின் மிகுதியன்று, அதன் முதுமை எனலாம். பிறர் ஆக்கம் கண்டு பொறாமை எழலாம், அவமதிப்பால் அன்றே சினம் மூளலாம். நாட்பட்டு இறுகாத எதையும் காழ்ப்பு என்பது பொருந்தாது. நேற்றுத் தோன்றிய கருத்து வேறுபாட்டுக்கும் இன்று இச்சொல்லை வாரி இறைக்கும் வழக்கம் அதன் கனத்தைக் குறைத்திருக்கிறது. 'காழ்ப்பு', 'உணர்ச்சி' என்னும் இரண்டும் புணர்ந்தது என்பதை மறந்து, ஒற்றை விட்டுக் 'காழ்புணர்ச்சி' என அச்சிடுவோரும் உளர்.